ரெண்டு மிஷின், ரெண்டு சத்தியம்

"ஓட்டு கேக்கணும், நாலு நாளு லீவு போட்டுக்கினு வா" என்று சுலோச்சனா அக்கா போனில் சொன்னபோது, அவள்தான் ஏதோ வார்டு மெம்பருக்கு நிற்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அக்கா என் பெரியம்மா மகள். சித்தூர் மாவட்டத்தில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாண வீட்டில்கூட மைக் இருக்கிற பக்கம் போகமாட்டாள். விசாரித்தால், டில்லிக்குப் போகப்போகிற எம்.பி. வேட்பாளர் ஒருவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கக் கிளம்பியிருக்கிறாள். அந்த ஆள் அவளுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால் அவளுடைய மாந்தோப்பு அந்த ஆளை நம்பித்தான் இருந்தது.

விஷயம் இதுதான். புதிதாக வரப்போகிற தேசிய நெடுஞ்சாலை அக்காவின் தோப்பை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. அளவெடுக்கிறவர்கள் வந்து மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்திலேயே தரிசாகக் கிடக்கிற புறம்போக்கு வழியாகச் சாலையைத் திருப்பலாம். அதற்கு டில்லியில் உட்கார்ந்து யாராவது கேட்க வேண்டும். எம்.பி. தேர்தலில் மோதிய இரண்டு பேரில் ஒருவர் வக்கீல். இந்த விவசாயிகளுக்காகக் கோர்ட்டுக்குப் போனவர். ஜெயித்தால் கல்லைப் பிடுங்க வைப்பேன் என்று மேடையில் சொன்னவர். இன்னொருவர் காண்ட்ராக்டர். சாலை போட்டே பெரிய மனிதர் ஆனவர். இரண்டு பேரில் யார் வருவார் என்று ஜோசியக்காரன்கூட வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு இழுபறி.

நான் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வணிகவியல் டீச்சர். வாய் நீளம் என்று சொந்தக்காரர்களிடம் பெயர் வாங்கியவள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். என் ஓட்டைத் தமிழ்நாட்டில் எப்போதோ போட்டு முடித்திருந்தேன். கோடை லீவும் விட்டாயிற்று. கிளம்பினேன்.

பள்ளிப்பட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பஸ் ஒரு பொட்டல் வெளியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, முன் சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டுப் புளிய மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டரைக் கேட்டால், "கிளட்ச்சும்மா" என்று ஒரு வார்த்தைதான் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. முன்னால் மூன்று பேர், பின்னால் ஆறு பேர், ஒரு மூட்டை புண்ணாக்கு. நான் புண்ணாக்கின் மேல் உட்கார்ந்து ஆந்திராவுக்குள் நுழைந்தேன். எல்லை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பலகைகளில் எழுத்து மட்டும் வட்டம் வட்டமாக மாறும். பேச்சு அதே பேச்சுதான்.

ஆட்டோக்காரரிடம், இந்தப் பக்கம் எம்.பி.க்கு யாருக்கு அலை அடிக்கிறது என்று கேட்டேன்.

"டில்லி ஓட்டாக்கா? அத யாரு பாக்கறா? பஸ்சுல சில்ற இல்லன்னா கண்டக்டரு ஒரு முட்டாய் குடுப்பான் பாரு, அந்த மாதிரிதான் அது. யாரு கேட்டாலும் குடுத்துடுவோம். ஸ்டேட்டு ஓட்டுதான் அசலு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அக்கா வீட்டில் ராகிக் களியும் புளி விட்ட கீரைப் புளுசும் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் சர்க்கரை வந்தவர்களுக்கு மட்டும் மருந்து மாதிரி கிண்டுகிற களி, அங்கே பந்து பந்தாக ஆவி பறக்க வருகிறது. "மொதல்ல துன்னு, அப்புறம் பேசு" என்றாள். துன்றதுக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவது உருண்டையில் இருக்கும்போது அக்கா புருஷன் முனிரத்தினம் மாமா தோப்பிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னாத்துக்கு வசந்தி உனக்கு இந்த வேல? ஊரு முடிவு பண்ணிட்ச்சி."

என்ன முடிவு என்று கேட்டேன். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. கட்சிப் பெயர்களை எழுதி வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பில்லை. ஊரில் ஒரு கட்சிக்காரர்கள் டீக்கடையில் கூடுவார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் ரைஸ்மில்லில் கூடுவார்கள். அப்படியே டீக்கடைக் கட்சி, ரைஸ்மில் கட்சி என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் டீக்கடைக் கட்சி. காண்ட்ராக்டர் ரைஸ்மில் கட்சி. ஆந்திராவில் எம்.எல்.ஏ. தேர்தலும் எம்.பி. தேர்தலும் ஒரே நாளில் வருகிறது. பூத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மிஷின்.

முதலில் டீக்கடைக் கட்சி வந்திருக்கிறது. கங்கம்மா கோயில் முன்னால் ஊர் ஆண்கள் வரிசையில் நின்று, தட்டில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, எங்கள் வீட்டு ஓட்டு உங்கள் கட்சிக்கு என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். கற்பூரம் அணைத்துக் கொடுத்த வாக்கை அந்தப் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள். நிலத் தகராறு, கோழித் திருட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாமே அந்தத் தட்டோடு முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து ரைஸ்மில் கட்சி வந்தது. அவர்கள் கெட்டிக்காரர்கள். பெண்களைக் கூப்பிட்டு, அவரவர் பிள்ளை பெயரைச் சொல்லிக் கற்பூரம் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

இப்போது ஒரே வீட்டில் இரண்டு சத்தியம். ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். யாரோ ஒரு மகானுபாவருக்கு வழி தெரிந்தது.

"ரெண்டு மிஷின், ரெண்டு சத்தியம், சரியா பூட்ச்சி" என்றார் மாமா. "ஸ்டேட்டு ஓட்டு டீக்கடைக்கி. டில்லி ஓட்டு ரைஸ்மில்லுக்கி. சாமிக்கும் பொய் இல்ல, கட்சிக்கும் பொய் இல்ல."

"மாமா, டில்லி ஓட்டு காண்ட்ராக்டருக்குப் போனா உங்க தோப்பு போயிடுமே!"

"நம்ம ஒரு தோப்புக்கோசரம் ஊரே சத்தியத்த மாத்துமா?" என்று கையைக் கழுவ எழுந்து போய்விட்டார். அவருடைய தோப்பு. அவருடைய தாத்தா நட்ட மரங்கள். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் பக்கத்து ஊர்க்காரன் தோப்பு என்று தோன்றும்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "நீயும் கற்பூரம் அணைச்சியா?"

"அணைச்சேன். முரளி பேரச் சொல்லித்தான் அணைச்சேன். அத்தினி பொம்பளைங்க நிக்கசொல்ல நான் மட்டும் திரும்பி வந்துட்டா இந்த ஊர்ல பொழைக்க முடியுமாடி?" முரளி அவள் ஒரே மகன். லாரி ஓட்டுகிறான். "ஆனா மீறப்போறேன். மெரட்டி வாங்கின சத்தியம் சத்தியமா? சாமி இன்னா அவ்ளோ கூறு கெட்டதா? எல்லாரையும் மீறச் சொல்லப்போறேன். அதுக்குத்தான் உன்ன வரச் சொன்னேன்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். அக்கா முன்னால், நான் பின்னால். முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் மோர். மூன்றாவது வீட்டில் காபி வேண்டுமா மோர் வேண்டுமா என்றார்கள். சென்னையில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பழகிய எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டில்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில்கூட ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நான் வகுப்பு எடுத்தேன். நெடுஞ்சாலை டில்லி விவகாரம், ரயில் டில்லி விவகாரம், மாம்பழக் கூழை வெளிநாட்டுக்கு அனுப்புவது டில்லி விவகாரம் என்று விரல் விட்டுச் சொன்னேன். பிளஸ் டூ பிள்ளைகளாவது தூங்குவார்கள். இவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். முடிந்ததும், "பாவம் தொண்ட காஞ்சி பூட்ச்சி, இன்னும் கொஞ்சம் மோர் தரட்டுமா" என்றார்கள்.

மங்கம்மா என்று ஓர் அம்மாள். புருஷன் இல்லை. தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"டில்லிக்காரன நான் பாத்ததே இல்ல தங்கச்சி. எம்.எல்.ஏ.ன்னா எழவுக்கு வர்றான், கண்ணாலத்துக்கு வர்றான். என் பென்ஷன் நின்னுபோச்சின்னா அவன் ஊட்டு வாசல்ல போயி குந்திக்கினு அழலாம். எம்.பி. ஊடு எங்க கீதுன்னே தெரியாது. தெரியாதவனுக்கு எந்த பட்டன அமுக்கினா இன்னா?"

"அதான்க்கா, எந்த பட்டனா இருந்தா என்னன்னு நினைக்கிறீங்கள்ல? அப்போ வக்கீல் பட்டனை அமுக்குங்க."

மிஷின் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள்.

"சுலோச்சனா, என் பேத்தி பேரச் சொல்லி அணைச்சிருக்கேன். நாளைக்கி அதுக்கு ஒரு ஜொரம் வந்தாலும் நான் உன் தோப்பத்தான் நெனப்பேன். தேவுடா, வேணாம்மா."

அந்தத் தெருவில் மீதி இருந்த வீடுகளுக்கு நாங்கள் போகவும் இல்லை. திரும்பி வரும்போது அக்கா, "வக்கீல் ஒரு தபா நேர்ல வந்து பேசினா மாறிடுவாங்க. அந்தாளப் போய்ப் பாக்கலாம்" என்றாள்.

அதற்காகத்தான் அடுத்த நாள் சித்தூர் போனோம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பிரசாரம் ஓய்கிற நாள் என்பதால் வழியெல்லாம் இரண்டு கட்சி ஊர்வலமும் குறுக்கே வந்தது. ஓர் இடத்தில் இரண்டும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் அலற, எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பஞ்சு தயாராக வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் தன் தோழியிடம் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எம்.பி.க்கு நின்றிருக்கிறவர் பெயர் என்னடி? வீட்டில் சொன்னார்கள், மறந்துவிட்டது." முதல் ஓட்டுப் போடப்போகிற பெண். தோழிக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் செல்போனில் தேடக்கூட இல்லை.

வக்கீலின் தேர்தல் ஆபீஸ் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது. மனிதரைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தது. குரல் போய்விட்டிருந்தது. வெந்நீரைக் குடித்துக்கொண்டே அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். அக்கா பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் கொட்டினாள்.

"ஐயா, மீரு ஒக்கசாரி, ஒரே ஒரு தபா வந்தா போதும். கோயில் முன்னாடி நின்னு, அந்த சத்தியம் செல்லாது, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஜனங்க மாறிடுவாங்க."

அவர் பக்கத்தில் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு தெலுங்கில் மெதுவாகப் பேசினார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, புரியாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, அந்த ஏற்பாடு எனக்குத் தெரியும். அதைப் பேசி முடித்ததே எங்கள் கட்சி எம்.எல்.ஏ. வேட்பாளர்தான். அவருக்கு ஊர் மொத்தமும் வேண்டும். டில்லி ஓட்டை விட்டுக்கொடுத்தால் அவர்கள் ஸ்டேட் ஓட்டில் கை வைக்க மாட்டார்கள் என்று பேச்சு. நான் வந்து சத்தியம் செல்லாது என்றால், அவருக்கு வாங்கிய சத்தியமும் செல்லாது என்றுதானே ஆகும்? அவர் என்னை மேடையிலேயே ஏற்ற மாட்டார்."

"அப்ப எங்க தோப்பு?"

"மற்ற ஊர்களில் நன்றாக இருக்கிறது. ஜெயித்துவிடுவேன். ஜெயித்தால் முதல் வேலை உங்கள் வேலைதான்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தாள். அவருக்குக் கும்பிடு வேறு போட்டாள்.

வெளியே ஒரு மெஸ்ஸில் ராகி சங்கட்டியும் (அதே களிதான்) நாட்டுக்கோழிக் குழம்பும் வாங்கினோம். சித்தூர்க் கோழிக் குழம்பின் காரம் ஊரறிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பரிமாறிய பையன் ஓடிப் போய் மோர் கொண்டுவந்தான். காரத்தால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது. எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஒரு ஆள் எம்.பி.க்கு நிற்கிறான். அவன் கட்சியே அவன் ஓட்டை எடுத்து எதிராளிக்குத் தாரை வார்க்கிறது. அவனுக்கும் தெரிகிறது. வெந்நீர் குடித்துக்கொண்டு தெரிந்துவைத்திருக்கிறான். இதில் நாங்கள் இரண்டு பொம்பளைகள் வெயிலில் அலைந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"நீ துன்னு" என்றாள் அக்கா. "ஊரு போடலன்னா போவுது. நான் ஒருத்தி போடறேன். நம்ம ஓட்டாவது நம்ம மரத்துக்குப் போவட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனாள். தோதாபுரி மாங்காய்கள் கிளைகளை இழுத்துக்கொண்டு தொங்கின. அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மஞ்சள் கல் ஒன்றின் மேல் யாரோ ஆடு மேய்க்கிறவர் துண்டைக் காயப்போட்டிருந்தார். எந்த மரம் எந்த வருஷம் காய்க்கவில்லை, எந்த மரத்துக்கு முரளி சின்ன வயதில் பெயர் வைத்தான் என்றெல்லாம் சொன்னாள். கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த மரங்களைப் பற்றி மட்டும்தான் பேசினாள். சாலை போகப்போகிற பக்கத்துக்கு வரவே இல்லை.

ஓட்டுப் போடுகிற அன்று காலையில் அவள் குளித்து, தலைக்குப் பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது முரளியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பயப்படாத. சோலாப்பூர் தாண்டி வந்துக்கினு இருந்தேன், முன் டயரு வெட்ச்சிட்ச்சி. வண்டி ரோட்ட விட்டு எறங்கி நின்னுட்ச்சி. எனக்கு ஒண்ணுமில்ல, ஒரு கீறல்கூட இல்ல. நைனாகிட்ட சொல்லிடு."

வைத்துவிட்டான். லாரிக்காரனுக்கு டயர் வெடிப்பது எனக்குச் சாக்பீஸ் உடைகிற மாதிரி என்று நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அக்கா சிரித்தாள். மிக்ஸியைத் திரும்பப் போட்டாள். சட்னியில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. மாமாவும் தின்றார், நானும் தின்றேன்.

பள்ளிக்கூடத்தில் பூத். நான் வெளியூர்க்காரி, கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் சென்னைத் தெருவில் ஓட்டுக்கு லீவு விட்டால் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் மகாபலிபுரம் போவார்கள். இங்கே மங்கம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். யாரும் யாரையும் முந்தவில்லை. ஓட்டின் மேல் இவர்களுக்கு மரியாதை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரியாதையோடுதான் வந்து, மரியாதையோடுதான் தூக்கிப் போட்டார்கள்.

அக்கா உள்ளே போனாள். இரண்டு முறை மிஷின் கத்துகிற சத்தம் வெளியே கேட்கும். முதல் சத்தம் உடனே கேட்டது. அடுத்தது வர நேரமானது. உள்ளே இருந்த அதிகாரி, "அம்மா, த்வரகா" என்று அவசரப்படுத்துவது கேட்டது. பிறகு இரண்டாவது சத்தமும் வந்தது. வெளியே வந்து விரலில் வைத்த மையை ஊதிக்கொண்டே, "வெயிலு தாங்கல, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

போட்டாயிற்றா என்று கண்ணாலேயே கேட்டேன். தலையை ஆட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. ஊரே ஒரு பக்கம் போனாலும் ஒருத்தி மீறிவிட்டாள் என்று அன்றைக்கெல்லாம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

"நாளைக்கி திருப்பதி போலாம், என்கூட வா. அலிபிரியிலேர்ந்து நடந்து ஏறணும்" என்றாள். வக்கீல் ஜெயிக்க வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டேன். என் முழங்கால் வேண்டாம் என்றது, ஆனாலும் சரி என்றேன்.

திருப்பதி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நெற்றி நிறைய நாமம் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடும்பமே தலைமுறையாகப் பெருமாள் கோயில் சேவையில் இருப்பவர்களாம், வீட்டில் தமிழ்தான். அவர் விரலில் இருந்த மையைப் பார்த்து, யாருக்கு என்று கேட்காமல், எப்படி முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"இங்க அசெம்பிளிக்கு ஆத்துல எல்லாருமா உக்காந்து பேசி, நாலையும் பாத்துத்தான் போட்டோம்மா. டில்லிக்கு நோட்டா. நாப்பது வருஷமா பாக்கறேன், டில்லிக்குப் போனவா எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தரம் வரா, மாலை மரியாதையோட சேவிச்சுட்டுப் போயிடறா. பெருமாளுக்கும் அவாளுக்கும் ஏதோ இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

படித்தவர். சாந்தமாகச் சொன்னார். ஆட்டோக்காரருக்கு முட்டாய், இவருக்கு நோட்டா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் இருக்கிற அலிபிரியில் படி ஏறத் தொடங்கினோம். சுற்றிலும் கோவிந்தா கோவிந்தா என்று சத்தம். ஒரு குடும்பம் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறியது. நான் எண்ணுவதை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன், மூச்சு வாங்கியது. ஒரு வளைவில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று விற்றார்கள். வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். அக்கா கீற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர வாயில் போடவில்லை.

"வசந்தி, நான் காண்ட்ராக்டருக்குத்தான்டி போட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தக் காண்ட்ராக்டர் என்று கேட்கப் பார்த்தேன்.

"வக்கீல் பட்டன் மேல வெரல வெச்சேன். கண்ண மூடினா ரோட்ட விட்டு எறங்கி நிக்கிற லாரிதான் தெரியுது. புள்ள பேரச் சொல்லிட்டேனே. மீறணும்னு நெனச்ச அன்னிக்கே டயரு வெட்ச்சா, மீறிட்டா இன்னா ஆவும்? அந்தாளு உள்ளேர்ந்து த்வரகா த்வரகான்றான். கை தானா அந்தண்ட பூட்ச்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாங்காயைத் தூக்கி எறிந்திருப்பேன். சென்னையிலிருந்து புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன், தொண்டை கிழியப் பேசினேன், கடைசியில் நீயேவா என்று கேட்க நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பிள்ளை கிடையாது. கற்பூரத் தட்டின் முன்னால் யார் பெயரையும் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஊரெல்லாம் வகுப்பு எடுத்துக்கொண்டு திரிந்தேன் போலிருக்கிறது.

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"சத்தியத்த காப்பாத்திட்டேன், இல்லியா? சாமிக்கு என்மேல கோவம் இருக்காது. அதான் கேக்க வந்தேன். நான் யாருக்குப் போட்டனோ அந்தாளு தோத்துப் பூடணும்னு கேக்க வந்தேன்."

எழுந்து புடவையை உதறிக்கொண்டு மேலே ஏறினாள். எனக்கு வாயில் கோவிந்தா வரவில்லை. அவள் பின்னாலேயே ஏறினேன். தரிசன வரிசையில் பல மணி நேரம் நின்றோம், சாமி முன்னால் ஒரு நொடி நிற்க விட்டார்கள். அந்த ஒரு நொடியில் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஓட்டு எண்ணுகிற அன்று காலையிலிருந்து டி.வி.யை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சுற்றில் வக்கீல் முன்னால் போனார், அடுத்த சுற்றில் காண்ட்ராக்டர். மத்தியானம் வரை அப்படியே மாறி மாறிப் போனது. சாயங்காலம் காண்ட்ராக்டர் ஜெயித்தார். வித்தியாசம் சொற்பம். அக்கா ஊரைப் போல இரண்டு மூன்று ஊர்கள் டில்லி ஓட்டைச் சில்லறையாக எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அசெம்பிளிக்கு டீக்கடைக் கட்சி ஆள் வந்துவிட்டார், நல்ல வித்தியாசத்தில். மாலையும் பட்டாசுமாக டி.வி.யில் காட்டினார்கள். வக்கீலை யாரும் காட்டவில்லை.

அக்காவுக்குப் போன் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. அவளே செய்தாள். பின்னால் மாமாவின் குரல் கேட்டது, மாங்காய் லோடு ஏற்றுகிறவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முரளி ஊருக்கு வந்துவிட்டானாம், நன்றாக இருக்கிறானாம், நாளெல்லாம் தூங்குகிறானாம். அளவெடுக்கிறவர்கள் மறுபடியும் வரப்போவதாகப் பஞ்சாயத்து ஆபீஸில் சொன்னார்களாம். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஓட்டு வந்த நாள்லேர்ந்து போட்டுக்கினு கீறேன் வசந்தி" என்றாள். "நான் போட்ட எம்.பி. ஜெயிச்சது இதுதான்டி மொதல் தபா."